பாதி வண்டி, பாதி வள்ளம்: தொழுவத்தில் கட்டிய மர டிரெய்லர்

இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க இடம், பின்பக்க மூடியைத் தூக்கினால் நின்றபடி சமைக்க ஒரு சின்ன அடுப்படி, அடியில் இரண்டு சக்கரம், முன்னால் ஜீப்பில் மாட்ட ஒரு வளையம். நான் கட்டி முடித்திருக்கும் டிரெய்லர் இவ்வளவுதான். நீளம் 8 அடி, அகலம் 4 அடி, பெட்டியின் உயரமும் 4 அடி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் இந்த வடிவத்தை 1930களில் அமெரிக்காவில் பலர் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக்கொண்டார்கள். இன்றைக்குக் கட்டுகிறவர்களும் 8-க்கு 4 என்ற அளவையே பிடிப்பதற்குக் காரணம் பிளைவுட் ஷீட் அந்த அளவில் வருவதுதான். வெட்டி வீணாவது குறையும். வீரவநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் தொழுவம் மாடு இல்லாமல் காலியாகக் கிடந்தது. அங்கேதான் வேலை நடந்தது.

மரவேலையில் நான் புதியவன். அதற்கு முன் செய்தது ஒரு பெஞ்சும் ஒரு புத்தக அலமாரியும். கையில் வளைவாக அறுக்க ஒரு ஜிக்சா ரம்பம், ஒரு டிரில், ஒரு இழைப்புளி, இரண்டு உளி. என்னைப்போல் இவ்வளவு கருவியோடு பெரிதாக ஒன்று கட்ட ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

யோசனை கேட்ட இடத்திலெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: தேக்குச் சட்டம் போடு, 18 மி.மீ. பலகை அடி, ஆயுசுக்கும் நிற்கும். கட்டிலுக்கு அது சரி. கட்டில் வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்கிறது. இந்தப் பெட்டி ரோட்டில் குலுங்கும், மழையில் நனையும், மறுநாள் வெயிலில் காயும், மறுபடி குலுங்கும். தண்ணீர் தாங்குகிற பிளைவுட்டான மரைன் பிளை, 18 மி.மீ. ஒரு ஷீட்டே 37 கிலோ வரும். 12 மி.மீ. என்றால் 25 கிலோ. கனத்தை ஏற்றிக்கொண்டே போனால் இழுக்கிற வண்டிக்கும் கேடு, குலுக்கலில் மூட்டுகளுக்கும் கேடு. ஆகவே வீட்டுச் சாமான் செய்கிறவர்களை விட்டுவிட்டு, குலுக்கலைப் பற்றி மாட்டுவண்டி செய்த ஆசாரியிடமும், தண்ணீரைப் பற்றி வள்ளம் கட்டுகிறவரிடமும் கேட்பது என்று முடிவு செய்தேன். நெல்லைச் சீமையில் இரண்டு பேரும் இன்னும் கிடைப்பார்கள். ஒருவர் ஆற்றங்கரையில், ஒருவர் கடற்கரையில். இந்தப் பெட்டியில் உருப்படியாக இருக்கிற அத்தனையும் அவர்கள் சொல்லித்தந்ததுதான்.

மரத்துக்கு முன்னால் காகிதம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி எண் எல்லாம் வேண்டும். பதிவான வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால் இரும்புச் சட்டத்தை நானே வெல்டிங் வைத்துக் கட்டாமல், களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய டிரெய்லரை ஆர்.சி. புத்தகத்தோடு வாங்கினேன். மேலே மரப்பெட்டி ஏற்றப்போவதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் பேசி, எழுதிக்கொடுத்து, அதற்குப் பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன். இதை யாரும் கடைசிக்குத் தள்ள வேண்டாம். கட்டி முடித்த பெட்டி தொழுவத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

இரும்புச் சட்டத்தைச் சுரண்டி, துருவெடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து நிறுத்தியதும் முக்கூடல் பக்கத்திலிருந்து ஆசாரி தாத்தாவைக் கூட்டி வந்தேன். டயர் வண்டி வருவதற்கு முன் ஆரக்கால் போட்ட வண்டியும், பெரிய வீட்டுக்காரர்களுக்கு வில்வண்டியும் செய்தவர். வந்தவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து அச்சையும், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வில்பட்டையையும் பார்த்தார். சட்டத்தின் மேல் ஏறி நின்று உடம்பை ஒரு அசை அசைத்தார். பட்டை அசையவில்லை.

“எய்யா, இது பாரம் ஏத்துற வில்லு. உன் பெட்டிக்கு இது மடங்காது. வில்லு மடங்கலைன்னா குலுக்கம் பூரா மரத்துக்குத்தான் வரும்” என்றார்.

வாழைத்தார் ஒரு லோடு எங்கே, என் பெட்டி எங்கே. பக்கத்துக்கு ஐந்து பட்டை இருந்ததில் இரண்டைக் கழற்றி, மீதியைக் கிரீஸ் போட்டுக் கட்டினோம். டயரில் காற்றையும் குறைத்தோம். இப்போது சட்டத்தின் மேல் ஒரு ஆள் ஏறினால் வில் இறங்கி ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. வில்வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு அந்த அசைவு ஞாபகம் இருக்கும். பெட்டியைச் சட்டத்தோடு முடுக்கும் இடங்களிலும் பழைய லாரி டயரை வெட்டி மெத்தையாக வைக்கச் சொன்னார். 10 மி.மீ. போல்ட், அகல வாஷர், நடுவில் ரப்பர். ஆணி ஒரு இடத்திலும் இல்லை. “குலுக்கத்தை ஆணி தாங்காது, மரந்தான் தாங்கும்” என்பது அவருடைய கணக்கு. கனம் மரத்தின் மேல் மரமாக உட்கார வேண்டும், ஸ்குரூ அதை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். பெட்டி முழுக்க இந்த ஒரு விதியை வைத்துத்தான் மூட்டுகளைப் போட்டேன்.

பிளைவுட் வாங்குவதில் அவசரம் கூடாது. தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைக்கு ஐ.எஸ். 710 என்ற தரம் இருக்கிறது. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. முத்திரை பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு கடைகளிலிருந்து சாண் அளவு துண்டு வாங்கி வந்து, வெந்நீர் அடுப்பில் பழைய அண்டாவில் போட்டுக் காலையிலிருந்து கொதிக்க விட்டேன். ஒரு கடையின் துண்டு, முத்திரையெல்லாம் பளிச்சென்று இருந்தது, மதியத்துக்குள் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது. இன்னொன்று சாயங்காலம் எடுத்து உளியால் நெம்பியும் விடவில்லை. அதையே வாங்கினேன். இன்னொரு பார்வை: ஷீட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து நான்கு பக்கமும் பாருங்கள். நடு அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால் வேண்டாம். பின்னால் அந்த ஓட்டையில்தான் ஸ்குரூ போய் விழும், தண்ணீரும் அதில்தான் தேங்கும்.

சட்டங்களுக்கு, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டியாக வந்து இறங்கும் பைன் மரம். வேங்கையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் அதன் கனம், காய்ந்து வந்திருக்கும், இழைக்கச் சுகம். வாங்கினால் முதலில் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். உடைந்த ஆணி உள்ளே இருக்கும். அதை எடுத்துவிட்டால் இழைப்புளியின் வாய் தப்பும்.

சுவரின் வளைவை நேரே நல்ல பலகையில் வரையாமல், மலிவான ஹார்டுபோர்டில் அச்சு எடுத்தேன். முக்கியமான புள்ளிகளில் ஆணி அடித்து, வயரிங் பைப் ஒன்றை அவற்றின் மேல் வளைத்துப் பிடித்துக் கோடு இழுத்தேன். பைப் தானாக எடுத்துக்கொள்கிற வளைவு கண்ணுக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். அச்சைச் சுவரில் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கேயாவது புடைப்போ தட்டையோ இருந்தால் கிட்டே நின்றால் தெரியாது, தள்ளி நின்றால் உடனே தெரியும். அப்புறம் இரண்டு பக்கச் சுவருக்கான 12 மி.மீ. ஷீட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிளாம்பு போட்டு, சேர்த்தே அறுத்தேன், சேர்த்தே இழைத்தேன். இரண்டும் ஒரே அளவில் வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஜிக்சா கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வெளியே போகட்டும். மீதியை இழைப்புளியும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும்.

தரைப்பலகை 12 மி.மீ., அடியில் பைன் சட்டம். சுவர்கள் தரைப்பலகையின் மேல் உட்காரவில்லை. அதன் பக்கவாட்டில் ஒட்டி, ஒரு அங்குலம் கீழே இறங்கி நிற்கின்றன. சுவரில் வழிகிற தண்ணீர் நேரே கீழே சொட்டிவிடும், மூட்டுக்குள் நுழையாது. தரையைப் பொருத்தியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். இங்கே ஒரு நூல் பிசகினாலும் கடைசியில் பின்மூடி பொருந்தாது.

கூரைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சுவரின் உள்விளிம்பை ஒட்டி 25 மி.மீ. சட்டத்தை அதே வளைவில் அறுத்து ஒட்டி, அதில் அங்கங்கே வாய் வெட்டினேன். ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போகும் குறுக்குச் சட்டங்களின் முனை அந்த வாய்க்குள் உட்காருகிறது. மரத்தின் மேல் மரம். இதன் மேல் 4 மி.மீ. பிளை வளைந்து படிய வேண்டும். ஷீட்டை அப்படியே 8 அடி நீளவாக்கில் போட்டால் முன்பக்க உருட்டலில் வளையாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். பிளையின் மேல் அடுக்கு நார் நீளவாக்கில் ஓடுவதுதான் காரணம். வளைகிற திசைக்கு நார் குறுக்காக ஓடினால் அதே பலகை சொன்னபடி கேட்கும். அதனால் ஷீட்டை 4-க்கு 4 அடியாக வெட்டி, திருப்பிப் போட்டேன். மூட்டு ஒவ்வொன்றும் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் அடுக்கின் மேல் பசை தடவி இரண்டாவது அடுக்கு, அதன் மூட்டுகள் கீழ் மூட்டுகளிலிருந்து தள்ளி. மொத்தம் 8 மி.மீ. கனம். வளைத்து ஒட்டிய இரண்டு அடுக்கு, தனியாக ஒரு 8 மி.மீ. பலகையைவிட விறைப்பாக நிற்கிறது. கையால் தட்டினால் சத்தமே வேறு.

ரொம்ப உருட்டான முன்மூக்கில் மட்டும் கோணியைக் கொதிநீரில் நனைத்துப் பலகையின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஊற விட்டேன். பிறகு இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மெள்ள அழுத்தி, கயிறு போட்டு இறுக்கி, ஒரு இரவு காய வைத்து, மறுநாள்தான் பசை. ஈரப்பலகையில் பசை பிடிக்காது. இத்தனை நீளத்துக்குக் கிளாம்பு யாரிடம் இருக்கும்? பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினால் வளைவு முழுக்க ஒரே சீராக அழுத்தும். இது வள்ளக்காரர்கள் கைப்பழக்கம். சைக்கிள் கடையில் கேட்டால் ஒரு சாக்கு டியூப் சும்மாவே தருவார்கள்.

குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே உள்பக்கமாக 25 மி.மீ. தெர்மோகோல், அதை மூடி 4 மி.மீ. பிளை. நம் ஊர் வெயிலுக்கு இது இல்லாமல் முடியாது.

தண்ணீர்ப் பாடத்துக்குக் கடற்கரை ஊரான உவரிக்குப் போனேன். குமரி மாவட்டம் முட்டத்தில் 1980களிலேயே மீனவர்களுக்காகப் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கைத்தொழில் தெரிந்த ஒருவர் உவரிக் கரையில் வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் விளிம்பை விரலால் தடவிக் காட்டினார்.

“தம்பி, பலகையோட முகம் அவ்வளவு தண்ணி குடிக்காது. விளிம்புதான் குடிக்கும். நீங்க முகத்துக்கு ஒரு கை பூசினா, விளிம்புக்கு மூணு கை பூசுங்க.”

கதவு வெட்டிய ஓரம், ஜன்னல் வெட்டிய ஓரம், ஸ்குரூ இறங்கிய துளை, ஒயர் போகிற ஓட்டை எல்லாமே விளிம்புதான். ஸ்குரூத் துளை ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எபாக்சி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, காய்ந்த பின் அதற்குள் மறுபடி துளைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ இறக்கினேன். பொறுமை வேண்டும் வேலை. ஆனால் அந்தத் துளை வழியாக இனிமேல் ஒரு சொட்டு மரத்துக்குள் போகாது.

ஃபைபர் வள்ளத்துக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவுதான், ஆனால் மரத்தில் அதற்குப் பிடி குறைவு. நாள்பட உரியும். மரத்துக்கு எபாக்சிதான் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதோடு பூசுகிற நேரத்தையும் சொன்னார். வெயில் ஏறும்போது பூசாதே, இறங்கும்போது பூசு. காரணம் இதுதான்: மரம் சூடேறும்போது அதன் துளைகளில் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும். ஈரமாக இருக்கும் ரெசினில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், ஒவ்வொன்றும் ஊசி ஓட்டையாகக் காய்ந்து நிற்கும். சாயங்காலம் மரம் குளிரும்போது உள்ளிருக்கிற காற்று சுருங்கும், மேலே இருக்கிற ரெசினை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்து ஒரு துண்டில் காலை பத்து மணிக்கும் இன்னொரு துண்டில் மாலை ஐந்து மணிக்கும் பூசிப் பார்த்தேன். காலைத் துண்டு அம்மைத் தழும்பு மாதிரி, மாலைத் துண்டு கண்ணாடி மாதிரி. யாராவது நேரில் பார்த்தால் இதில் வாதமே செய்ய மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் எபாக்சி கலந்ததும் டப்பாவிலேயே சூடேறி இறுகத் தொடங்கிவிடும். குவிந்து இருக்கக் குவிந்து இருக்கச் சூடு கூடும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். தூசி மாதிரி சலித்த மரத்தூளை எபாக்சியில் குழைத்தால் பஜ்ஜி மாவுப் பதத்தில் ஒரு பசை வரும். சுவரும் தரையும் சேரும் உள்மூலை முழுக்க அதை விரலால் இழுத்து வளைவாக நிரப்பினேன். காய்ந்ததும் அது மூட்டுக்கு ஒரு எலும்பு. கூரையின் மேல் மெல்லிய கண்ணாடி நார்த் துணியை விரித்து, எபாக்சியில் நனைத்துப் படியவைத்தோம். அதற்கு உவரி அண்ணாச்சியே ஒரு சாயங்காலம் வந்து கூட நின்றார். காய்ந்த எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. தோலில் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாமல் போகும். எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். கூரைக்கு வெள்ளை, பக்கங்களுக்கு ஆற்று மணல் நிறம்.

கதவுக்குத் தனிப்பலகை வாங்கவில்லை. சுவரில் வெட்டியெடுத்த துண்டே கதவு. அதற்கு ஜிக்சாவில் மிக மெல்லிய பிளேடு வேண்டும். கதவை இரண்டு பக்கமும் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் கதவு இருந்தால் உள்ளே படுப்பவர் வெளியே வர மற்றவரைத் தாண்ட வேண்டும், காற்றும் ஓடாது. ஜன்னலுக்கு, போர்டு எழுதுகிற கடையில் கிடைக்கும் 4 மி.மீ. அக்ரிலிக். வெயிலில் அது கணிசமாக விரியும். இரண்டடி நீளத்துக்கு 1 மி.மீ. தாண்டும். ஸ்குரூத் துளையை இறுக்கமாகப் போட்டால் துளையிலிருந்து கீறல் ஓடும். துளை கொஞ்சம் பெரிதாக, ஸ்குரூ லேசாக, நடுவில் ரப்பர்.

பின்மூடிதான் இதில் கைத்திறனைக் கேட்கிற பாகம். வளைத்து ஒட்டிய பலகைக்கு மறுபடி நிமிர ஆசை இருக்கும். மூடியைத் தனியாக மேஜையில் வைத்து ஒட்டினால், எடுத்த பிறகு அது கொஞ்சம் நிமிர்ந்து, உடம்போடு பொருந்தாமல் போகும். அதற்கு ஆசாரி தாத்தா சொன்ன வழி: மூடியை அது உட்காரப்போகும் இடத்திலேயே வைத்துக் கட்டு. சுவரின் விளிம்பில் பாலித்தீன் காகிதம் சுற்றி, அதன் மேல் மூடியின் விலாச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு அடுக்கு 4 மி.மீ. பிளையையும் அங்கேயே வளைத்து ஒட்டி, டியூப் கட்டி, பசை முழுக்க இறுகும்வரை தொடாமல் விட்டேன். கழற்றியபோது ஒரு நூல்கூட விலகவில்லை. மேல் மூட்டுக்கு, மூடியின் அகலம் முழுக்க ஓடும் ஸ்டெயின்லெஸ் பியானோ கீல். அதன் மேல் லாரி டியூபை நாலங்குலப் பட்டையாக வெட்டி மூடினேன், கீலுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க. தூக்கி நிறுத்தப் பழைய கார் ஒன்றின் டிக்கியிலிருந்து கழற்றிய இரண்டு காஸ் தாங்கிகள்.

இனி முன்பாரம். டிரெய்லர் கட்டுகிற எல்லோரும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய விஷயம். மொத்தக் கனத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்வளையத்தின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் ஓடும்போது டிரெய்லரின் வால் ஆடும், வேகம் கூடக் கூட ஆட்டம் கூடும், கடைசியில் ஜீப்பையும் இழுத்துக்கொண்டு குடை சாயும். மாட்டுவண்டிக்காரர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்த பாடம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும்.

அச்சை நகர்த்த முடியாது, பெட்டியை நகர்த்தலாம். அதனால் போல்ட் துளை போடுவதற்கு முன்னால் பெட்டியைச் சட்டத்தின் மேல் சும்மா தூக்கி வைத்து, அடுப்பு இருக்கப்போகும் இடத்தில் அதன் கனத்துக்கு மணல்மூட்டை, படுக்கை இடத்தில் ஒரு மூட்டை, தண்ணீர்க் கேனுக்கு நிஜக் கேன் என்று வைத்தோம். ஆசாரி தாத்தா வந்து முன்வளையத்தை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். “காணாது. தண்ணிக் கேனைப் பின்னால வச்சா எப்படி? முன்னால கொண்டா. பெட்டியையும் நாலு விரக்கடை முன்னால தள்ளு.” தள்ளிய பின் மறுபடி தூக்கிப் பார்த்து, இறக்கி வைத்துவிட்டு, “இப்பம் சரி” என்றார். நெல் கமிஷன் கடையிலிருந்து மேடைத் தராசு ஒன்றை வாங்கி வந்து வளையத்துக்கு அடியில் வைத்தேன். 42 கிலோ. அரிசி ஆலை எடைமேடையில் மொத்தக் கனம், சாமான்களோடு, 340. கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்தக் கை அப்படி.

20 லிட்டர் கேன் இப்போது படுக்கைக்கு அடியில் முன்மூலையில் இருக்கிறது. குழாய் மட்டும் பின்னால் அடுப்படிக்கு வருகிறது.

உள்ளே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தைக்கு அடியில் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை விரித்திருக்கிறேன். இரவு இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம் மெத்தையின் அடியில்தான் போய்த் தங்கும். வெறும் பலகை என்றால் பூசணம் பிடிக்கும். கோரை நடுவில் காற்று ஓடவிடுகிறது. சின்ன அலமாரிகளுக்குப் பிடிகள், அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்யும் கடைசல் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கியவை. அந்தச் சொப்புகளை முன்பு மஞ்சள் கடம்பில் கடைவார்கள். கடைசலிலேயே சுழலச் சுழல அரக்கு வைத்து ஏற்றிய சிவப்பும் பச்சையும் உள்ளே அத்தனை அழகு. அரக்குக்கு மழை ஆகாது என்பதால் வெளியே வைக்கவில்லை. இரண்டு கதவிலும் மேலே கொசுவலை வைத்த காற்றுவாய் எப்போதும் திறந்தே இருக்கும், மூட வழியே வைக்கவில்லை. இவ்வளவு சின்னப் பெட்டியில் அது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அடுப்பு பின்மூடிக்கு வெளியே மட்டும்தான். மழை என்றாலும் உள்ளே பற்றவைக்கக் கூடாது.

வெளியே கிளம்புவதற்கு முன் பம்புசெட் தண்ணீரை ஹோஸ் பிடித்து எல்லாப் பக்கமும் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு. மேலிருந்து அடித்தால் போதாது. ரோட்டில் டயர் வாரி அடிக்கிற தண்ணீர் கீழிருந்து வரும், அதையும் அடித்துப் பார்க்க வேண்டும். தரைக்கு அடிப்பக்கம் எபாக்சியோடு தார்ப்பெயின்டும் இருப்பதால் அங்கே கவலை இல்லை. ஒரு ஜன்னல் மூலையில் மட்டும் கசிவின் ஈரம் தெரிந்தது. அங்கே சீலன்டைப் பிரித்து மறுபடி வைத்ததும் நின்றுவிட்டது.

முதல் ஓட்டம் சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி வழியாகத் திசையன்விளை, அங்கிருந்து உவரி. ஆடி மாதம். நாங்குநேரி தாண்டினால் மறைப்பே இல்லாத பொட்டல், ஆடிக் காற்று பக்கவாட்டில் வந்து மோதும். பெட்டியை 4 அடி உயரத்தோடு நிறுத்தியதன் பலன் அங்கே தெரிந்தது. நின்று நடமாடுகிற உயரத்துக்குக் கட்டியிருந்தால் அந்தக் காற்றில் 40 தாண்ட மனசு வராது. 60-இல் வால் ஆடவில்லை, கண்ணாடியில் பார்த்தால் நேராக வந்தது. களக்காட்டில் ஒரு தடவை நிறுத்திப் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். புது மரத்தில் வாஷர் கொஞ்சம் அமுங்கும், முதல் ஓட்டத்தில் இது அவசியம். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கம் அனுமதி கேட்டு நிறுத்தி, அங்கேயே சமைத்து, கடல் காற்றில் உறங்கினோம். காட்டுக்குள் இதைக் கொண்டுபோக எண்ணம் இல்லை. காரையாறு, முண்டந்துறை எல்லாம் புலிகள் காப்பகம், அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம்.

மறுநாள் காலை வள்ளக்கார அண்ணாச்சி வந்து ஒவ்வொரு விளிம்பாக விரல் ஓட்டிப் பார்த்தார். கதவின் அடி விளிம்பில் மட்டும் நின்று, வருஷத்துக்கு ஒரு தடவை இதை உப்புத்தாள் போட்டுப் புதிதாகப் பூச வேண்டும், கடல்பக்கம் வந்து போகிற வண்டி என்றார். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். ஜன்னல் சீலன்ட், கீல் மேலிருக்கும் ரப்பர், சட்டத்துப் போல்ட் எல்லாவற்றையும் அதோடு பார்த்துவிடலாம். நிறுத்தும்போது பின்மூலைகளுக்கு முட்டுக்கொடுக்கப் புளியங்கட்டையில் இரண்டு கால் செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே ஆள் ஏறும்போது வண்டி பின்னால் சாயாமலிருக்க அது வேண்டும்.

ஹார்டுபோர்டு அச்சை எறியாமல் வைத்திருக்கிறேன். அம்பை, சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் யாராவது கட்டுவதாக இருந்தால் வந்து அப்படியே கோடு இழுத்துக்கொண்டு போகலாம். பலகையும் கொண்டுவந்தால் அறுக்கும்போது மறுமுனையைப் பிடிக்க நான் இருக்கிறேன்.